கூக்காட்டும் பெட்டி

மா நிறுக்கிற சின்னத் தராசைக் குசினி மேசையில் வைத்து மகள் பனிமலைக்குக் கொண்டுபோகும் ஒரு சவலை நிறுத்துக்கொண்டிருந்தாள். பிடியைக் கழற்றி ஒரு தடவை, தகட்டை மட்டும் ஒரு தடவை, இரண்டையும் பொருத்தி இன்னொரு தடவை. பக்கத்திலே மடித்து வைத்த துழாவுகம்பி, கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி, அவளுடைய கொப்பியில் வரிசையாகக் கிராம் கணக்கு. கார்த்திகை முடியும் நாட்கள். யன்னலுக்கு அப்பால் டாவோஸ் மலைகளின் தோள்வரை வெள்ளை இறங்கியிருந்தது. "அப்பா, இந்தச் சவலை விட்டிட்டு மற்றதை எடுத்தால் 280 கிராம் குறையும்" என்றாள். ஒரு றாத்தல் பாணில் முக்கால்வாசிகூட வராத அந்தப் பாரத்துக்காக அவள் அரை மணித்தியாலம் யோசித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் எங்கள் வளவு வேலியோரம் நின்று, காட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு சாமானாகக் கையில் தூக்கிப் பார்த்துக் கீழே வைக்கும் மாமாவின் உருவம் எழுந்து வந்தது.

மாமாவுக்கு உள்ளங்கைதான் தராசு. மடித்துக் கட்டிய சாரம், இடுப்பில் கத்தி, தோளில் கோடாலி, சுரைக்குடுவையில் தண்ணீர், நனையாமல் பொலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி. அதற்கு மேல் யாராவது எதையாவது எடுத்தால், "கை வீசி நடக்க விடாத சாமான் காட்டுக்கு ஆகாது, வை கீழ" என்பார். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது சிறுவர்களாகிய எங்களையும் கூட்டிப் போவார். மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும் பாலைப்பழத்தைத் தின்னத் தின்ன அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், வாயைத் திறந்தால் தோல் இழுபடும், அப்படியும் தின்றுகொண்டேயிருப்போம். வன்னியில் வளர்ந்த எவருக்கும் அந்த ஒட்டல் இப்போதும் உதட்டில் இருக்கும் என்று நம்புகிறேன். அதே பழத்துக்கு ஆசைப்பட்டு அதே மரத்துக்குக் கரடியும் வரும் என்பதால், மாமா எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம் கூக்காட்டுவது. பற்றைக்குள் பிரிந்து நடக்கும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொருவரும் "கூ..." என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் குறைந்தால் மாமா கையை உயர்த்துவார். உடனே எல்லோரும் வாயை மூடி நிற்கவேண்டும். கூக்காட்டுவது பாதி, கேட்பது மீதி என்பதை, முதிரைக்கும் வீரைக்கும் நடுவே அந்த அமைதியில் நின்றபடிதான் நான் படித்தேன்.

மகளின் மேசையில் கிடந்த பெட்டி செய்வதும் அதையேதான் என்று எனக்கு விளங்கியபோது நெஞ்சு ஒருகணம் நின்று ஓடியது. ஜேர்மன் மொழியில் நீளமான பெயர் ஒன்று அதற்கு உண்டு. வாய் வலிக்காமல் எல்லோரும் எல்.வி.எஸ். என்கிறார்கள். காலையில் மலையடிவாரத்தில் அதை உயிர்ப்பித்து உடம்போடு வாரால் கட்டிக்கொண்டால், மாலை இறங்கி வரும்வரை 457 கிலோஹேர்ட்ஸில் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். மத்திய அலை வானொலி நிலையங்கள் பேசுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத ஒரு கூ. பனிச்சரிவில் ஒருவர் புதைந்துபோனால் மேலே தப்பி நிற்பவர்கள் உடனே தங்கள் பெட்டிகளைக் கேட்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தாலும் அவருடைய துடிப்பு புதைந்தவரின் துடிப்போடு கலந்து தேடுகிறவர்களைத் திசைதிருப்பிவிடும். மாமா கையை உயர்த்திய அதே கணம் அது.

இந்தக் கருவியின் முதல் வடிவத்தை 1968இல் அமெரிக்காவில் ஜோன் லோட்டன் என்பவர் செய்தார். அந்தக் காலத்துப் பெட்டிகளைக் காதில் ஒரு காதொலிப்பானைச் செருகிக் கேட்க வேண்டும். ஒலி கூடினால் நெருங்குகிறாய், குறைந்தால் விலகுகிறாய். 1980களின் நடுவிலிருந்து உலகம் மெல்ல மெல்ல ஒரே அலைவரிசைக்கு இணங்கியது. இப்போது மகளின் பெட்டிக்குள் மூன்று அன்ரெனாக்கள். சின்னத் திரையில் அம்புக்குறி வழிகாட்ட, மீற்றர் கணக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. காது கூர்மையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. நல்லதுதான், பதறி நிற்கும் ஒருவருக்கு அம்புக்குறிதான் வேண்டும். ஆனாலும் ஒரு கூவைக் கேட்ட மாத்திரத்தில் "அவன் குளக்கட்டுப் பக்கம், இரண்டு கூப்பிடு தூரம்" என்று சொன்ன மாமாவின் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சுவிஸ் இராணுவத்துக்கென்று வந்து பின்பு எல்லோர் கைக்கும் கிடைத்த பெட்டியின் பெயர் பாரிவொக்ஸ். பாரி என்பது ஒரு நாய். 1800ஆம் ஆண்டளவில் பிறந்து, பெரிய சென் பேர்னார்ட் கணவாயில் துறவிகளின் மடத்தில் வளர்ந்து, பனியில் சிக்கிய 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் நாய். பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது அவளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றது அவளல்ல, நான். எங்கள் மாமா வீட்டு நாயும் அதே நிறம், மண்ணிறமும் வெள்ளையும்.

பெட்டிக்குப் பற்றறி வேண்டும். பருவம் தொடங்கும்போது புதிதாகப் போட வேண்டும், பாதி இறங்கியதுமே மாற்றிவிட வேண்டும், கோடையில் கழற்றி வைக்க வேண்டும் என்று மகள் எனக்கு விளக்கினாள். பாதி மிச்சமிருக்கும் பற்றறிகளை அவள் ஒரு பெட்டிக்குள் போட்டபோது என் கை தானாக நீண்டு அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தியது. அவள் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓர் இரவு முழுக்கச் சொல்லியிருப்பேன்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பின்பு வடக்குக்குப் போகக்கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றறியும் இருந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி, சீமெந்து என்று நீண்ட அந்தப் பட்டியலில் பன்னிரண்டு வயதுக்காரனாகிய எனக்கு மிகவும் வலித்தது பற்றறிதான், ஏனென்றால் வானொலி அதில்தான் உயிர்வாழ்ந்தது. செத்த பற்றறிகளைக் கூரையில் வெயிலில் காயவைத்து இன்னும் கால் மணித்தியாலம் பேச வைத்தோம். அதுவும் முடிந்தபோது மாமா சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, வானொலியில் கொடுத்தார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. இரவானால் முற்றத்தில் அயலட்டை எல்லாம் வந்து குந்தும். பாதி மண்ணெண்ணெய்கூட ஊற்றாத ஜாம்போத்தல் விளக்கு ஒரு ஓரத்தில் மினுங்கும். பிபிசி தமிழோசை தொடங்கும். நான் கை சோர்ந்து மெல்லச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், உடனே நாலு பக்கமிருந்தும் "சுத்தடா தம்பி, சுத்து" என்று சத்தம் வரும். உலகத்தின் குரலை என் தோள்மூட்டுதான் தாங்கியிருந்தது. இப்போது என் கைபேசியில் எந்த நாட்டு வானொலியும் தெளிவாகக் கேட்கிறது. சுற்றவேண்டியதில்லை, குந்தியிருக்க அயலட்டையும் இல்லை.

1998 இறுதியில் நான் சுவிசுக்கு வந்து சேர்ந்தேன். மலையூர் ஒன்றின் விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை. பனி என்பது எனக்கு அழகாக மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வருடம் மாசி மாதம் பனி நிற்காமல் கொட்டத் தொடங்கியது. அல்ப்ஸின் சில இடங்களில் ஐந்து வாரத்துக்குள் ஐந்து மீற்றருக்கு மேல் விழுந்தது. வீதிகள் அடைபட்டன, பாண் வரவில்லை. விடுதிக்காரர்கள் முகம் இறுகிப்போய் நின்றதை விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி 23ஆம் திகதி எல்லைக்கு அப்பால், ஒஸ்திரியாவின் கல்த்யூர் என்ற சிறு கிராமத்தில் பனிச்சரிவு புகுந்து 31 பேரைக் கொன்றது. தொலைக்காட்சியில், வரிசையாக நின்ற மனிதர்கள் நீளக் கம்பிகளைப் பனிக்குள் குத்திக் குத்தி ஓரடி ஓரடியாக முன்னேறுவதைக் காட்டினார்கள். என் அருகில் நின்ற போர்த்துக்கல்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். கம்பி குத்துகிறவர்களின் அந்த அசைவு எனக்குப் பழக்கமானது. மண்ணுக்குள் இருக்கும் ஒருவரைத் தேடுகிறவர்களின் முதுகு எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் வளைகிறது.

அதனால்தான் சவலில் வந்து நான் நின்றேன். சறுக்குக்கட்டை, சப்பாத்து, உடுப்பு எல்லாவற்றிலும் அவள் பாரம் குறைக்கட்டும். சாப்பாட்டில், சுடுதண்ணிப் போத்தலில் குறைக்கட்டும். சறுக்குக்கட்டையின் அடியில் ரோமத்தோல் ஒட்டிக்கொண்டு நாலைந்து மணித்தியாலம் ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு என்பது எனக்கும் தெரியும்; களைத்தவன் பிழையான முடிவெடுப்பான், ஆகவே லேசான பையும் ஒரு பாதுகாப்புத்தான். துழாவுகம்பியில்கூட நான் வாதாடினேன்: காபன் கம்பி லேசு, ஆனால் இறுகிய பனிக்குள் வளைந்து வழிமாறிப் போகும், ஆகவே அலுமினியம், 240 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். அதற்கு அவள் இணங்கினாள். சவலுக்கு இணங்கவில்லை. அவள் கையில் இருந்தது மெல்லிய தகடும் குட்டைப் பிடியும் கொண்ட விளையாட்டுச் சாமான். "பனிதானே அப்பா" என்றாள்.

பனிதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உருண்டு வரும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசி நொருங்கி, நின்ற மறுகணமே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன; கையால் தோண்ட முடியாத கட்டி. ஒரு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் ஆளை எடுக்க ஒரு தொன்னுக்கு மேல் அள்ள வேண்டும். பெட்டி ஆளைச் சில நிமிடத்தில் காட்டிவிடும், கம்பி அடுத்த நிமிடத்தில் தொட்டுவிடும்; நேரத்தைத் தின்பது அள்ளுகிற வேலைதான். நேரமோ கைவசமில்லை. 2024இல் வெளிவந்த சுவிஸ் ஆய்வின்படி, முழுதாகப் புதைந்தவர்களில் 10 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் 91 வீதம் பிழைத்தார்கள். 30 நிமிடமானபோது அது 31 வீதமாகிவிட்டது. மூச்சுத்தான் போகிறது, குளிர் பிறகுதான் வருகிறது.

இதையெல்லாம் வாசித்து அறிய முன்பே எனக்கு இது தெரிந்திருந்தது. 1992 மாரியில், ஆறேழு நாள் அடைமழைக்குப் பிறகு, பக்கத்து வளவில் பங்கர் இடிந்தது. "ட" எழுத்து மாதிரி வளைத்து வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் போட்டு மூடிய பங்கர். வன்னியில் வீட்டுக்கு ஒன்று. விமானச் சத்தம் கேட்டு உள்ளே இறங்கியிருந்த பெரியவர் ஒருவர் மீது சுவர் சரிந்துவிட்டது. மாமா கையை உயர்த்தினார். எல்லோரும் வாயை மூடினோம். எங்கிருந்தோ ஒரு முனகல். அந்த இடத்தில் வெட்டத் தொடங்கினார்கள். எங்கள் மண்வெட்டியின் பிடி முன்பே வெடித்திருந்தது, நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று விட்டிருந்தோம். மூன்றாம் வெட்டில் முறிந்தது. பிறகு சட்டியாலும் சிரட்டையாலும் கையாலும் அள்ளினோம். இரண்டு வீடு தள்ளியிருந்து ஒருவர் நல்ல மண்வெட்டியோடு ஓடிவந்ததால் அந்தப் பெரியவர் பிழைத்தார். நகக்கண்ணில் ஏறிய அந்த மண் போவதற்குக் கனநாள் எடுத்தது. அன்றிரவே மாமா முதிரைக் கம்பு சீவிப் புதுப்பிடி போட்டார். ஒன்றல்ல, வீட்டிலிருந்த எல்லா மண்வெட்டிக்கும்.

இந்தக் கதையை மகளுக்கு அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். சொல்லி முடித்து, "பிள்ளை, நீ கொண்டுபோற சவல் உன்னை எடுக்காது. உன்னை எடுக்கிற சவல் ஆரிட்ட இருக்கு?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் தராசையே பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து, சுவிஸ் அல்பைன் கழக இளையோர் குழுவில் தன்னோடு வரும் ஐந்து பேருக்கும், ஆளாளின் சவலைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி எழுதினாள். இரண்டு பேரிடம் பிளாஸ்ரிக் தகடு. மறுநாள் அவர்களும் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது 700 கிராமை எட்டும் அலுமினியச் சவல், நீட்டிக்கொள்ளக்கூடிய பிடியோடு. பின்வளவில் குவிந்த பனியில் அவர்கள் ஆறு பேரும் வி எழுத்து வடிவில் நின்று, முன்னால் நிற்பவர் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் துடுப்புப் போடுவது போல் பனியைப் பின்தள்ளிப் பழகினார்கள். சொற்ப நேரத்துக்கு ஒருதரம் முன்னால் நின்றவர் மாறினார். எங்கள் குளக்கட்டு உடைந்தபோது ஊரே வரிசையில் நின்று மண்கடகம் கைமாற்றியதைப் பார்த்தவனுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காற்றுப்பை முதுகுப்பை மட்டும் இப்போதைக்கு வேண்டாமென்று விட்டுவிட்டோம். இரண்டு மூன்று கிலோ பாரம், விலையும் பாரம். ஆனால் அதன் கதை எனக்குப் பிடிக்கும். ஜேர்மனியின் பவேரியாவில் யோசெப் ஹோகனெஸ்டர் என்ற வனக்காவலர், வேட்டையாடிய விலங்கைத் தோளில் சுமந்து வரும்போது பனிச்சரிவில் அகப்பட்டும் மேலேயே மிதந்ததைக் கவனித்தார். பருமன் கூடியது மேலே வரும் என்ற அந்த அவதானத்திலிருந்துதான் இழுத்ததும் ஊதிப் பெருக்கும் பை பிறந்தது, 1985இலிருந்து விற்பனைக்கு வந்தது. சுளகைக் குலுக்கினால் குறுணல் கீழே போக முழு அரிசி மேலே வருகிறதே, அதேதான். மாமாவுக்குச் சொன்னால் உடனே பிடிபடும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது சொன்னேன். ஏ9 வீதி கறுப்புக் கண்ணாடி போல் கிடக்கிறது. மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறினால் ஒட்டுசுட்டான் கண்மூடித் திறக்குமுன் வந்துவிடுகிறது. முன்பு உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி, இடையில் இறங்கித் தள்ளி, தண்ணி குடித்து, கதை பேசிப் போன தூரம். மாமாவுக்கு எண்பது கடந்துவிட்டது. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி பெட்டியைக் கையில் வாங்கி, வழக்கம்போல் தூக்கிப் பார்த்து, "லேசாத்தான் கிடக்கு" என்றார். மகள் இரண்டு பெட்டிகளையும் கம்பியையும் கொண்டு வந்திருந்தாள், மாமாவின் மகள், என் மச்சாள், கேட்டுக்கொண்டதற்காக.

மச்சாள் 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில், சேலைகளைத் தைத்து மண்மூட்டையாக்கிய பங்கருக்குள் இருந்து வந்தவள். பிறகு பல வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தாள். வன்னியில் அந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். முகக்கவசமும் நெஞ்சுக்கவசமும் போட்டு வெயிலில் முழங்காலில் நின்று, ஒரு நாளில் ஒரு சிறு துண்டு நிலத்தைத் திறப்பாள். அவளுடைய கருவியும் சத்தம் போடும். ஆனால் சத்தம் கேட்டால் அவள் மூச்சைக்கூட மெதுவாக்க வேண்டும். மகளுடையது சத்தம் போட்டால் அவள் ஓட வேண்டும்.

மாமா ஒரு பெட்டியைச் சாக்கில் சுற்றி, வளவில் தென்னைக்குக் கீழே எங்கோ மணலுக்குள் புதைத்துவிட்டு வந்து, முகத்தில் ஒன்றுமே காட்டாமல் கதிரையில் இருந்தார். மகள் ஓடினாள். அம்புக்குறியைப் பின்தொடர்ந்து வளைந்து, கடைசி மீற்றர்களில் குனிந்து நிலத்தோடு நிலமாகப் பெட்டியைப் பிடித்து, மிகக் குறைந்த எண் காட்டிய இடத்திலிருந்து சுருள்போல் சுற்றிச் சுற்றிக் கம்பியைக் குத்தினாள். சாக்கைத் தொட்டதும் கம்பியை அப்படியே விட்டுவிட்டுக் கையை உயர்த்தினாள். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலு நிமிசம். காணும்" என்றார்.

மச்சாள் எழுந்து போய்க் கம்பியைப் பிடுங்கினாள். இன்னொரு தரம் புதைக்கச் சொன்னாள். இம்முறை தான் தேடப்போவதாகச் சொன்னாள். அம்புக்குறி இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. முழங்காலில் இருந்தாள். "மாமி, நேராக் குத்துங்கோ, பலமா. பயப்பிடாதேங்கோ, கீழ இருக்கிறது ஆள்தானே" என்றாள் மகள்.

மச்சாள் தலையாட்டினாள். கம்பியை நேரே நிமிர்த்தினாள். ஆனால் மணலைத் தொடும்போது அவளுடைய கை கம்பியை மெல்லச் சாய்த்து, பக்கவாட்டாக, ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் உள்ளே தள்ளி, நின்றது.